சீமையின் சுவரில் சோழமண்டலச் சீலை

இல்லத்தை அழகு செய்யும் கலையைப் பற்றிப் பேசுவோர், எந்தச் சுவருக்கு எந்த வண்ணம் பொருந்தும், எந்தச் சன்னலுக்கு எத்தகைய திரை வேண்டும் என்பவற்றையே பெரும்பாலும் எடுத்துரைப்பர். அவை பயனுள்ள செய்திகளே. நானோ பல்லாண்டு வகுப்பறையில் வரலாறு கற்பித்துப் பழகியவன். ஆதலின் மாணவச் செல்வங்களாகிய உங்கள் முன் வேறொரு வினாவை வைக்க விரும்புகின்றேன். பூவும் கொடியும் பொறித்த திரைச்சீலை, மெத்தை விரிப்பு, நாற்காலி உறை ஆகியவை இன்று உலகெங்கும் எளிய வீடுகளிலும் காணப்படுகின்றன. இப்பழக்கம் எங்கிருந்து எழுந்தது? விடை தேடிப் புறப்பட்டால், நம் சோழமண்டலக் கரைக்கே வந்து சேர்வோம்.

முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து நாட்டுச் செல்வர் இல்லங்களில், குளிரைத் தடுக்கவும் அழகுக்காகவும் கம்பளித் திரைகளைச் சுவரில் தொங்கவிட்டனர். அவை கனமானவை, விலை மிகுந்தவை, தோய்த்து உலர்த்த இயலாதவை. பருத்தித் துணியில் நிலைத்த வண்ணம் ஏற்றும் முறையை அக்காலத்து ஐரோப்பியர் அறியார். அத்தகைய நாட்டிற்குக் கப்பலேறிச் சென்றது நம் நாட்டுச் சீட்டித்துணி. எடையோ குறைவு, வண்ணமோ பளிச்சென்றது, துவைத்தாலும் சாயம் போகாதது. நாம் இன்றும் வழங்கும் 'சீட்டி' என்னும் சொல்லும், ஆங்கிலேயர் வழங்கும் 'சின்ட்ஸ்' என்னும் சொல்லும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

1663-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், லண்டன் மாநகரில் கடற்படை அலுவலராக இருந்த சாமுவேல் பீப்ஸ் என்பவர், தம் மனைவியின் புதிய படிப்பறைச் சுவர்களை மூடுவதற்கு இந்தியச் சீட்டித்துணி வாங்கியதாகத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். பேரரசர்களின் போர்களைப் படிக்கும் நாம், இத்தகைய சிறு குறிப்புகளையும் படித்தல் வேண்டும். ஒரு குடும்பத்தின் கடைச்செலவுக் கணக்கு, ஓர் உலக வாணிகத்தின் வாயிலைத் திறந்து காட்டுகின்றது அன்றோ?

அத்துணி எவ்வாறு உருவாயிற்று என்பதைச் சற்று அறிவோம். நெய்த துணியை முதலில் வெளுத்துக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் தோய்த்து உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்பு, பின்னர் இடப்படும் காரங்களைப் பற்றிக்கொள்ளும். பாலின் கொழுப்பு, வண்ணம் கசிந்து பரவாமல் தடுக்கும். சிறு துளைகள் குத்திய தாளின்மேல் கரித்தூளைத் தட்டி, உருவத்தைத் துணியில் பதிப்பர். பிறகு மூங்கில் எழுதுகோலால் கோடு வரைவர். இரும்பு கலந்த நீர் கறுப்புக் கோடாகும். படிகாரம் தீட்டிய இடங்கள், துணியைச் சாயவேரிட்டுக் கொதிக்க வைக்கும்போது சிவக்கும். நீலம் வேண்டாத பகுதிகளையெல்லாம் மெழுகால் மூடி, துணியை அவுரிச் சாயத்தில் முக்குவர். நீலத்தின்மேல் மஞ்சள் தீட்டினால் பச்சை பிறக்கும். ஒவ்வொரு படிக்கும் இடையே துவைத்தலும் வெயிலில் உலர்த்தலும் உண்டு. ஒரு பெரிய விரிப்பு முற்றுப்பெறப் பல வாரங்கள் செல்லும். வெளுப்பவர், எழுதுபவர், சாயம் தோய்ப்பவர் எனப் பல கைகள் கூடிச் செய்த தொழில் இது. வேதியியல் என்னும் பெயர் அறியாமலே, வேதியியலின் நுட்பங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர் அம்மக்கள்.

இத்துணியைத் தேடியே அயல்நாட்டார் நம் கரையில் பண்டகசாலைகளை அமைத்தனர். ஆங்கிலேயர் 1611-இல் மசூலிப்பட்டினத்தில் வாணிகம் தொடங்கினர். 1639-இல் பிரான்சிஸ் டே சென்னைக்கு இடம் தேர்ந்தபோது, அங்கே துணி நயமாகவும் மலிவாகவும் கிடைக்கும் என்பது ஒரு முதன்மையான காரணமாக இருந்தது. 1734-இல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், நூற்பவர், நெய்பவர், துணியில் எழுதுபவர், வெளுப்பவர் ஆகியோரைக் குடியமர்த்தச் சென்னையில் ஒரு புதிய பேட்டையே உருவாக்கினர். அதுவே இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. 'சின்னத் தறிப்பேட்டை' என்பதே அவ்வாறு மருவிற்று என்பர். பேருந்தில் அவ்வழியே செல்லும் மாணவர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அத்துணிகளில் காணும் அழகு முழுவதும் நம்முடையதே என்று பெருமை கொள்வதும் பொருந்தாது. அயலாருடையது என்று ஒதுக்குவதும் பொருந்தாது. 1643-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் மேலாளர்கள் சூரத்துக்கு எழுதிய மடலில், மங்கிய சிவப்புப் பின்புலத்தைக் குறைத்து, வெண்மையான பின்புலத்தில் பூவும் கிளையும் எழுதி அனுப்புமாறு கேட்டனர். பின்னர் மாதிரிப் படங்களும் வந்தன. பாறைக் குன்றின்மேல் வளைந்து வளர்ந்து, பல்வகைப் பூக்களைத் தாங்கி நிற்கும் மரம், அவ்விரிப்புகளின் புகழ்பெற்ற ஓவியம். அதில் பாரசீகத்தின் சாயல் உண்டு. சீனத்தின் சாயல் உண்டு. ஆங்கிலேயரின் விருப்பமும் உண்டு. அவை அனைத்தையும் ஒன்றாக இணைத்து உயிரூட்டிய கை, நம் கைவினைஞரின் கை.

வரவேற்பு மிகுந்த இடத்தில் எதிர்ப்பும் முளைத்தது. 1708-இல் எழுத்தாளர் டானியல் டீஃபோ, இந்தியத் துணி தம் நாட்டு வீடுகளில் நுழைந்து, திரை, மெத்தை, நாற்காலி, படுக்கை யாவற்றையும் பற்றிக்கொண்டதென மனம் நொந்து எழுதினார். கம்பளியும் பட்டும் நெய்த லண்டன் தொழிலாளர் வேலையிழந்து வாடினர். 1697-இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். 1719-இல் சீட்டித்துணி உடுத்தித் தெருவில் சென்ற பெண்களின் ஆடைகளைக் கிழிக்கவும் துணிந்தனர். அச்செயல் கொடியது. எனினும் அவர்தம் பசி பொய்யன்று. ஒரு நாட்டு நெசவாளனின் வாழ்வு மற்றொரு நாட்டு நெசவாளனின் தாழ்வாகும் நிலை, வாணிகம் விரிந்த காலமெல்லாம் தோன்றி வந்துள்ளது. இதனை உணராமல் ஒரு பக்கத்தை மட்டும் பழித்தல் வரலாற்று அறிவாகாது.

பிரெஞ்சு அரசு 1686-இலேயே சீட்டித்துணிக்குத் தடை விதித்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1700-இல் இயற்றிய சட்டம், வண்ணம் தீட்டிய இந்தியத் துணியை அந்நாட்டில் பயன்படுத்தக் கூடாது என்றது. ஆனால் வெள்ளைத் துணி வரலாம் என விட்டது. விளைவு யாது? வெள்ளைத் துணியை வாங்கி லண்டனிலேயே அச்சிடும் தொழில் வளர்ந்தது. அதுகண்டு 1721-இல் மற்றொரு கடுஞ்சட்டம் பிறந்தது. வண்ணப் பருத்தித் துணியை ஆடையாகவும் வீட்டுப் பொருளாகவும் பயன்படுத்துவது குற்றமாயிற்று. உடுத்தியவருக்கு 5 பவுன், விற்றவருக்கு 20 பவுன் என அபராதம் விதிக்கப்பட்டது. பிற நாடுகளுக்கு மறு ஏற்றுமதி செய்வதற்கு மட்டும் இந்தியச் சீட்டி லண்டனில் இறங்கலாம்.

சட்டம் மக்களின் ஆசையை அடக்கிற்றா எனின், இல்லை. களவாகத் துணி வந்துகொண்டே இருந்தது. புகழ்பெற்ற நடிகர் டேவிட் காரிக் அவர்களின் மனைவிக்குக் கல்கத்தா வணிகர்கள் கட்டில் திரைகளைப் பரிசாக அனுப்பினர். அவை சோழமண்டலக் கரையில் எழுதப்பட்டவை. சுங்க அலுவலர் அவற்றைப் பறிமுதல் செய்தனர். அவற்றை மீட்கும்பொருட்டு 1775-இல் காரிக் அரசு அலுவலர் ஒருவருக்கு வேண்டுகோள் மடல் எழுத நேர்ந்தது. அத்திரைகளுள் எஞ்சியவை இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. நாடறிந்த நடிகரே தம் படுக்கையறைத் திரைக்காகச் சட்டத்தின்முன் கைகட்டி நின்றார்.

தடைச்சட்டத்தைக் காட்டிலும் நம் கைவினைஞரை மிகுதியாகத் தாக்கியது அறிவின் இடமாற்றம். கெர்டு என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், துணி எழுதுவோரிடம் கேட்டறிந்த முறைகளையெல்லாம் 1742-இல் ஒரு விரிவான மடலாக எழுதித் தம் நாட்டிற்கு அனுப்பினார், அம்மடல் அச்சேறிற்று. 1760-இல் ஓபர்காம்ப் பிரான்சு நாட்டு ஜூயி என்னுமிடத்தில் துணி அச்சிடும் தொழிலைத் தொடங்கினார். 1783-இல் தாமஸ் பெல் என்பார் உருளையால் அச்சிடும் பொறிக்கு உரிமை பெற்றார். எழுதுகோல் பல நாள் செய்த வேலையை, உருளை சில நிமிடங்களில் செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலையில் அச்சிட்ட சீட்டித்துணி, கப்பலேறி நம் நாட்டிற்கே விற்பனைக்கு வந்தது. 1868-இல் செஞ்சாயப் பொருளையும் செயற்கையாக ஆக்கும் வழியை ஜெர்மானிய அறிஞர் கண்டனர். கடற்கரை மணலில் சாயவேர் தோண்டியோரின் பிழைப்பும் அத்துடன் நலிந்தது.

ஆயினும் அக்கலை அடியோடு அழிந்துவிடவில்லை. கோவில்கள் அதனைக் காத்தன. தேரிலும் மண்டபத்திலும் தொங்கும் தொம்பைகளுக்கும் விதானங்களுக்கும் கலம்காரித் துணி தேவைப்பட்டது. தஞ்சைப் பகுதியில் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை ஆகிய ஊர்களில் சில குடும்பங்கள் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. கருப்பூர்க் கலம்காரி 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆந்திர நாட்டுக் காளத்தியில், கமலாதேவி சட்டோபாத்யாயர் போன்றோரின் முயற்சியால், விடுதலைக்குப் பின் இக்கலை புத்துயிர் பெற்றது.

நான் மாணவரிடம் அடிக்கடி கேட்பதுண்டு: தம் மனைவியின் அறைக்குத் துணி வாங்கிய பீப்ஸின் பெயரை அறிவோம், திரையை இழந்து வருந்திய காரிக்கின் பெயரை அறிவோம், அத்துணியை எழுதியவர் பெயர் யாது? வகுப்பில் அமைதியே நிலவும். வாங்கியவர் எழுதி வைத்தார், செய்தவர் எழுதவில்லை. அவர் எழுதியதெல்லாம் அந்தத் துணியின்மேலேயே உள்ளது. அதனைப் படிக்கவும் ஒரு கல்வி வேண்டும்.

நாளை நீங்கள் ஓர் இல்லத்தை அமைக்கும் காலம் வரும். திரை வாங்குங்கால் வண்ணத்தையும் விலையையும் பாருங்கள், அது முறையே. அத்துடன், இது எந்த ஊரில், யார் கையால், என்ன கூலிக்குச் செய்யப்பட்டது என்றும் வணிகரைக் கேளுங்கள். விடை கிடைத்தால் அப்பொருளுக்குச் சுவரில் இடம் கொடுங்கள். கிடைக்காவிடில், கேட்பவர் ஒருவர் உண்டு என்பதையேனும் வணிகர் அறிவார். அப்படிக் கேட்போர் பெருகினால், எழுதுகோல் ஏந்திய கைகளுக்கு இனியும் வேலை இருக்கும்.