மட்டக்களப்பு வாவிப் பிரதேசமும் குடிசன மதிப்பீடும்: ஒரு வரலாற்று நோக்கு

ஓர் அரசு தன் மக்களுக்கு ஆற்ற வேண்டிய கடமைகள் பலவாகும். அவையனைத்துக்கும் முற்பட்ட கடமை, அம்மக்கள் எத்தனை பேர், எங்கெங்கு வாழ்கின்றனர், எத்தொழிலாற் சீவிக்கின்றனர் என்பவற்றை அறிந்து வைத்திருத்தலாகும். இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் சுதந்திரமடைந்த ஆசிய, ஆபிரிக்க நாடுகள் பலவற்றிடம் இவ்வறிவைத் தேடித்தரும் நிறுவனங்கள் போதிய வளர்ச்சி பெற்றிருக்கவில்லை. அவற்றை வளர்த்தெடுப்பதற்குச் சர்வதேச நிறுவனங்கள் நிதியும் நிபுணரும் வழங்கி வந்துள்ளன. இலங்கையின் நிலை இதனின்று வேறுபட்டது. இங்கு நவீன குடிசன மதிப்பு 1871 ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அவ்வாறிருந்தும் 1981 ஆம் ஆண்டுக்கும் 2012 ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட முப்பத்தொரு ஆண்டுகளில் மட்டக்களப்பு மாவட்டத்தில் முழுமையான குடிசன மதிப்பு எதுவும் நடைபெறவில்லை. நூற்றாண்டுக்கு மேற்பட்ட அனுபவமுடைய ஓர் அமைப்பு எவ்வாறு ஒரு பிரதேசத்தைத் தவறவிட்டது, அதனால் விளைந்த இழப்பு யாது என்பன ஆராயத்தக்கன.

தோம்பிலிருந்து குடிசன மதிப்பு வரை

கரையோர இலங்கையில் மக்களையும் காணிகளையும் ஏட்டிற் பதியும் வழக்கம் போர்த்துக்கேயர் காலத்திலேயே காணப்பட்டது. ஒல்லாந்தர் அதனைத் தலைத்தோம்பு, காணித்தோம்பு என விரிவுபடுத்தினர். இத்தோம்புகள் வரியையும் ஊழியத்தையும் அறவிடுவதற்கென எழுந்தவை. மக்களுக்கு எதனை வழங்கலாம் என்பதைவிட, அவர்களிடமிருந்து எதனைப் பெறலாம் என்பதே அவற்றின் நோக்கமாகும். பிரித்தானியர் ஆட்சியில் 1814 இலும் 1824 இலும் குடித்தொகைக் கணக்கெடுப்புகள் மேற்கொள்ளப்பட்டன. எனினும் தீவு முழுவதையும் ஒரே முறையிற் கணக்கிட்ட முதற் குடிசன மதிப்பு, தேசாதிபதி ஹேர்க்கியூலிஸ் றொபின்சன் காலத்தில், 1871 மார்ச்சு 27 ஆம் திகதி நடைபெற்றதேயாகும். அன்று எண்ணப்பட்டோர் தொகை 24 இலட்சத்து 380 ஆகும். இதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, 1867 இல், பிறப்பு இறப்புப் பதிவும் சட்டத்தின் மூலம் ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது.

அதன்பின் பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணும் மரபு நிலைபெற்றது. 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தியவர் பொன்னம்பலம் அருணாசலம் ஆவார். அவர் வெளியிட்ட அறிக்கை வெறும் அட்டவணைத் தொகுதியாக நின்றுவிடாது, இந்நாட்டு மக்களின் வரலாறு, சமயம், மொழி, வழக்காறு ஆகியவற்றையும் எடுத்துரைத்தது. பல்கலைக்கழக இயக்கத்தின் முன்னோடியாகப் போற்றப்படும் அவர் புள்ளிவிபரத்தை அறிவுத் துறையாகவே கொண்டார் என்பது இங்கு கருதத்தக்கது. நாட்டைச் சேர்ந்த ஓர் அறிஞராலேயே இத்துறையை உயர்நிலைக்கு இட்டுச்செல்ல முடியும் என்பதற்கு அவ்வறிக்கை சான்றாகும். 1921 இல் எஸ். ஓ. கனகரத்தினம் மட்டக்களப்பு மாவட்டம் பற்றி எழுதிய நூலும், 1964 இல் வெளிவந்த வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலும் இப்பிரதேசத்தைத் தகவல்களோடு விளங்கிக்கொள்ளும் முயற்சிகளாய் அமைந்தன.

வாவியின் இரு கரைகள்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதன் கிழக்கே கடலோரமாக அமைந்த நிலம் எழுவான்கரை எனவும், மேற்கே வயலும் காடுமாய் விரிந்த நிலம் படுவான்கரை எனவும் வழங்கும். எழுவான்கரையிற் குடியிருப்புகள் நெருங்கியுள்ளன. படுவான்கரையிலோ ஊர்கள் வட்டைகளுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. துறைகளைத் தோணியிலும் பாதையிலும் கடந்தே நெடுங்காலம் போக்குவரத்து நடைபெற்றது. வயற்காலத்தில் எழுவான்கரையார் பலர் வாவியைக் கடந்து சென்று வாடிகளிலே தங்குவர்.

இந்நிலவமைப்பு கணக்கெடுப்போருக்குத் தனிப்பட்ட இடர்ப்பாட்டைத் தந்திருக்கும் என்பது வெளிப்படை. 1871, 1901, 1911, 1921, 1946, 1981, 2012 ஆகிய ஆண்டுகளின் குடிசன மதிப்புகள் யாவும் மார்ச்சு மாதத்தையே தம் திகதியாகக் கொண்டவை. அது பெரும்போக அறுவடையின் இறுதியை ஒட்டிய காலமாகும். அத்தகைய காலத்தில் ஒருவரை அவர் காணப்படும் இடத்தில் எண்ணுவதா, வழக்கமாக வாழும் இடத்தில் எண்ணுவதா என்னும் வினா ஏட்டளவில் நிற்பதன்று. வாடியிலே துயில்பவன் எவ்வூர்க் கணக்கிற் சேர்கின்றான் என்பதைப் பொறுத்தே அவ்வூருக்குரிய பாடசாலை, மருந்தகம், கூப்பன் அரிசி என்பனவெல்லாம் கணிக்கப்படும். இதனை நன்கறிந்தவர்கள் விதானைமாரும், 1963 இல் அப்பதவி ஒழிந்தபின் வந்த கிராம சேவகர்களுமேயாவர். தலைநகரில் வரையப்பட்ட படிவம் எத்துணைச் சிறந்ததாயினும், ஊரின் ஒழுங்கையையும் வாடியையும் அறிந்தவர் இன்றி அது நிறைவு பெறாது.

எல்லையும் பிரிவும்

எண்ணும் முறை சரியாயினும் எண்களை ஒப்பிடுங்கால் விழிப்பு வேண்டும். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் மாவட்டத்தின் தென்மேற்குப் பகுதியிற் புதிய குடியேற்றங்களை உண்டாக்கியது. 1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் உருவாயிற்று. எனவே 1953 இல் எண்ணப்பட்ட மட்டக்களப்பும் 1963 இல் எண்ணப்பட்ட மட்டக்களப்பும் ஒன்றல்ல. இதனை மறந்து இரண்டையும் அருகருகே வைப்போர் மக்கட்டொகை குறைந்துவிட்டதெனத் தவறாகக் கொள்வர்.

இத்தகைய தவறு அரசியலிலும் பொருளுடையது. சோல்பரி அரசியலமைப்பு, மாகாணம் ஒவ்வொன்றுக்கும் மக்கட்டொகையில் 75,000 பேருக்கு ஒன்றும் பரப்பில் ஆயிரம் சதுர மைலுக்கு ஒன்றுமாகப் பாராளுமன்ற ஆசனங்களை வகுத்தது. அவ்வகையில் மக்களின் பிரதிநிதித்துவமும் குடிசன மதிப்பிலே தங்கியிருந்தது.

படிவத்திலுள்ள இனப்பிரிவுகளும் இவ்வாறே கவனித்தற்குரியன. 1911 இலேயே இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும் முதன்முதலாக வேறுபடுத்திக் காட்டப்பட்டனர். வேடர் எனப் பதியப்பட்டோர் 1946 இல் 2,361 பேராயிருக்க, 1953 இல் 803 பேராகக் குறைந்தனர். ஏழாண்டுகளில் ஒரு சமூகம் இவ்வாறு அருகியிருத்தல் இயலாது. வாகரைப் பகுதியிலே தமிழ் பேசி, மீன்பிடித்தும் பயிர் செய்தும் வாழும் கரையோர வேடரை எண்ணுகையில், அவர்களை எப்பிரிவில் எழுதுவது என்பதைக் கணக்கெடுப்பவரின் கேள்வியும் சொல்பவரின் விடையுமே தீர்மானித்தன. பின்னர் அவ்வினப் பிரிவே தனியாகக் காட்டப்படாமற் போயிற்று. படிவத்தில் இடமில்லாதோர் திட்டத்திலும் இடம் பெறுதல் அரிது.

விடுபட்ட முப்பத்தொரு ஆண்டு

1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. அப்பொழுது முன்னைய குடிசன மதிப்பு நடந்து ஏழாண்டுகளே கழிந்திருந்தன. எந்த ஊரில் எத்தனை பேர் இருந்தனர் என்பதற்கு ஓர் அடிப்படை இருந்தது. அடுத்து, 1981 மார்ச்சு 17 இல் நடந்த குடிசன மதிப்பு மாவட்டத்தின் மக்கட்டொகை 3,30,333 எனக் காட்டியது.

பத்தாண்டு முறைப்படி 1991 இல் நடந்திருக்க வேண்டிய குடிசன மதிப்பு யுத்தத்தினால் நடைபெறவில்லை. 1990 ஆம் ஆண்டின் வன்செயல்களினால் தமிழரும் முஸ்லிம்களும் பெருந்தொகையாக ஊர் பெயர்ந்திருந்த காலம் அது. 2001 யூலை 17 இல் நடத்தப்பட்ட குடிசன மதிப்பு 18 மாவட்டங்களில் மாத்திரமே முழுமை பெற்றது. மட்டக்களப்பு எஞ்சிய ஏழனுள் ஒன்றாயிற்று. படுவான்கரையின் பெரும்பகுதி அப்பொழுது அரசின் கட்டுப்பாட்டில் இருக்கவில்லை.

குடிசன மதிப்பு விடுபடுவதோடு இழப்பு முடிவதில்லை. மாதிரி ஆய்வுகள் யாவும் குடிசன மதிப்பின் வீட்டுப் பட்டியலிலிருந்தே தம் மாதிரிகளைத் தெரிந்தெடுக்கின்றன. 1987 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு வடக்கையும் கிழக்கையும் விலக்கியே நடத்தப்பட்டது. 2002 ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவின ஆய்வும் அவ்வாறே அமைந்தது. நாட்டின் உத்தியோகபூர்வ வறுமைக்கோடு அவ்வாய்வின் அடிப்படையிலேயே வகுக்கப்பட்டு, ஒருவருக்கு மாதம் 1,423 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. ‘தேசிய’ என்னும் அடைமொழி பெற்ற அவ்வளவுகோலை ஆக்கிய கணக்கில், யுத்தத்தினால் மிக வறுமையுற்ற மக்களுள் ஒரு பகுதியினரான வாவிக்கரை மக்கள் இடம்பெறவில்லை.

2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை எழுவான்கரையை அழித்தபோது இதன் விளைவு கண்கூடாயிற்று. மாவட்டத்தின் இறுதி முழுக் கணக்கு அன்று இருபத்துமூன்று ஆண்டுகள் பழமையானது. உயிரிழந்தோரையும் காணாமற் போனோரையும் அறிவதற்கு, முன்னர் இருந்தோர் எவர் என்பது தெரிதல் வேண்டும். பாதிக்கப்பட்ட கரையோரத்தில் மக்களையும் கட்டடங்களையும் கணக்கிடும் சிறப்பு மதிப்பீட்டைத் திணைக்களம் பேரலையின் பின்னரே நடத்த நேர்ந்தது. உடல் கிடைக்காதோரின் இறப்பைப் பதிவதற்கு 2005 இல் தற்காலிகச் சட்டமொன்று இயற்றப்பட்டது. பிறப்புப் பதிவு இன்றி வளர்ந்தோர் உத்தேச வயதுச் சான்றிதழை நாடினர். பதிவின்மை என்பது ஒருவர் பாடசாலையிற் சேர்வது முதல் நட்டஈடு பெறுவது வரை தொடர்ந்து வரும் இடராகும்.

2007 இல் கிழக்கில் ஒரு சிறப்புக் கணக்கெடுப்பு நடைபெற்றது. அது மாவட்ட மக்கட்டொகையை ஏறத்தாழ 5 இலட்சத்து 15 ஆயிரமெனக் காட்டியது. 2012 மார்ச்சு 20 ஐத் திகதியாகக் கொண்ட குடிசன மதிப்பிலேயே மட்டக்களப்பு மீண்டும் முழுமையாக எண்ணப்பட்டு, 5,26,567 என்னும் தொகை பெறப்பட்டது. மூன்று தசாப்தங்களின் பிறப்பும் இறப்பும் இடப்பெயர்வும் புலப்பெயர்வும் இவ்விரு எண்களுக்கிடையே மறைந்து கிடக்கின்றன.

வெளியுதவியும் அதன் எல்லையும்

வளர்முக நாடுகளின் புள்ளிவிபர அமைப்புகளுக்கு உதவும் முயற்சி நீண்ட வரலாறுடையது. 1947 இல் ஐக்கிய நாடுகள் புள்ளிவிபர ஆணைக்குழு முதன்முதலாகக் கூடியது. மகலநோபிஸ் நிறுவிய கல்கத்தா இந்தியப் புள்ளியியற் கழகத்தோடு இணைந்து 1950 இல் ஒரு சர்வதேசக் கல்வி நிலையம் எழுந்தது. 1970 இல் ஆசிய, பசிபிக் நாடுகளுக்கான பயிற்சி நிலையம் தோக்கியோவில் அமைக்கப்பட்டது. 1994 இல் அரச புள்ளிவிபரங்களின் அடிப்படைக் கோட்பாடுகள் வகுக்கப்பட்டன. நடுநிலை, இரகசியம் பேணல், அனைவர்க்கும் சமமாய்த் தகவல் வழங்கல் என்பன அவற்றுட் சில. 1999 இல் வறிய நாடுகளுக்கென ‘பாரிஸ் 21’ என்னும் கூட்டமைப்பு தோன்றியது.

இவற்றின் பயன் மறுக்கத்தக்கதன்று. ஆயின் நிதியும் முறையும் பயிற்சியும் கருவிகளும் வெளியிலிருந்து வரலாம். படலையைத் திறந்து உண்மையைச் சொல்லும் நம்பிக்கை வெளியிலிருந்து வரமாட்டாது. மட்டக்களப்பு எண்ணப்படாமற் போனது நிபுணர் இன்மையாலன்று. அரசுக்கும் மக்களுக்கும் இடையிலான உறவு அறுந்தமையாலேயே அது நிகழ்ந்தது. கொடுத்த விபரம் தமக்கு எதிராகப் பயன்படும் என அஞ்சுவோரிடம் எத்தகைய படிவமும் பயனற்றது. தனியாள் விபரங்களை இரகசியமாய்ப் பேண வேண்டும் என்னும் சட்டம் நடைமுறையில் காக்கப்படும்போதே அவ்வச்சம் நீங்கும்.

பெருந்தொற்றையும் பொருளாதார நெருக்கடியையும் தொடர்ந்து பிற்போடப்பட்ட அடுத்த குடிசன மதிப்பு, 2024 டிசெம்பர் 19 ஐத் திகதியாகக் கொண்டு நிறைவேறியது. அதன்படி இலங்கையின் மக்கட்டொகை 2 கோடியே 17 இலட்சத்துக்கும் மேலாகும். கடதாசிப் படிவத்தின் இடத்தைக் கையடக்கக் கணினி பெற்றுள்ளது. எனினும் அக்கருவியை ஏந்தியவர் துறையைக் கடந்து படுவான்கரையின் கடைசி வீட்டுக்குச் செல்லவும், அங்குள்ளோர் தம் மொழியிலே அச்சமின்றி விடையளிக்கவும் இயலுமாயிருப்பதே புள்ளிவிபர அமைப்பு வலுப்பெற்றது என்பதற்கு உண்மையான அளவுகோலாகும். தேசியக் கணக்கில் ஒரு மாவட்டம் முப்பத்தொரு ஆண்டு விடுபட்ட வரலாறு உணர்த்தும் பாடமும் இதுவேயாகும்.