பதினோரு பெண்களும் 3 பவுன் வரியும்



இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

தில்லையாடி வள்ளியம்மை என்ற பெயர் உங்கள் எல்லோருக்கும் தெரியும். தென்னாப்பிரிக்காவில் காந்தியோடு போராடி, சிறைக்குப் போய், 16 வயதில் உயிர் விட்ட பெண். தில்லையாடி நம் காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு காலைப் பொழுதில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் வள்ளியம்மைக்கு முன்னால் அதே சிறைக்குப் போன பதினோரு பெண்களைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த ஊருக்கு நம் ஜனங்கள் ஏன் போனார்கள் என்று பார்ப்போம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் என்ற ஆங்கிலேயக் குடியேற்ற நாட்டில் கரும்பு வெட்ட ஆள் வேண்டியிருந்தது. அன்று தொடங்கி 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னை வழியாகக் கப்பலேறியவர்கள். நம் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்தும் பிரெஞ்சுக்காரர்கள் ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கு இதே மாதிரி ஆள் ஏற்றினார்கள். எனவே இது யாரோ ஊரார் கதை என்று நினைத்துவிடாதீர்கள்.

100 ஆண்களுக்கு 40 பெண்களாவது கப்பலில் இருக்க வேண்டும் என்பது விதி. ஒப்பந்தம் 5 வருடம். ஆணுக்கு முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங். பெண்ணுக்கு அதில் பாதி, 5 ஷில்லிங். வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளம் பிடிப்பார்கள். பல தோட்டங்களில், பிள்ளைத்தாய்ச்சியோ உடம்பு சரியில்லாதவளோ வேலைக்குப் போகவில்லை என்றால் அன்றைய அரிசியும் கிடையாது.

5 வருடம் முடிந்தவர்கள் அங்கேயே நிலம் வாங்கிக் காய்கறி பயிரிட்டார்கள், கூடை தூக்கி விற்றார்கள். வெள்ளைக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. கூலி மட்டும் வேண்டும், குடிமகன் வேண்டாம் என்று நினைத்தார்கள். அதனால் 1895இல் ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் அங்கே இருக்க விரும்பினால் தலைக்கு வருடம் 3 பவுன் வரி கட்ட வேண்டும். முதலில் அவர்கள் கேட்டது 25 பவுன். இந்திய வைஸ்ராய் பேரம் பேசி 3 பவுனுக்கு ஒப்புக்கொண்டார். பிறகு இந்த வரி பிள்ளைகளுக்கும் வந்தது. 16 வயதான பையனும் 13 வயதான பெண்ணும் தனித்தனியே கட்ட வேண்டும்.

பவுன் என்றதும் நகைக் கணக்கு உங்கள் நினைவுக்கு வரும். இரண்டும் ஒரே வேர்தான். இங்கிலாந்தின் 1 பவுன் பொற்காசு சுமார் 8 கிராம் எடை. நம் வீட்டுப் பவுன் கணக்கு அந்தக் காசிலிருந்து வந்தது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பழைய பழக்கம், விடமாட்டேன்! 1 பவுனுக்கு 20 ஷில்லிங். 3 பவுனுக்கு 60 ஷில்லிங். பெண்ணின் மாதக்கூலி 5 ஷில்லிங். 12 மாதத்துக்கு எவ்வளவு? அதே 60 ஷில்லிங். கப்பலில் வந்து இறங்கிய ஒரு பெண் முதல் வருடம் முழுக்கக் கரும்புக் காட்டில் உழைத்துச் சம்பாதித்த மொத்தப் பணமும், பின்னாளில் அந்த மண்ணில் ஒரு வருடம் இருப்பதற்கான வரி. கட்டாதவர்களுக்குச் சிறை. இல்லாவிட்டால் மறுபடியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கூலியாகப் போக வேண்டும். வரி போட்டவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

அடுத்த அடி 1913 மார்ச்சில் விழுந்தது. கேப் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். பலதார மணத்தை அனுமதிக்கும் மதங்களின் முறைப்படி நடந்த திருமணங்கள் அந்த நாட்டில் செல்லாது என்பது அதன் சாரம். இந்து, முஸ்லிம் மனைவிகளின் நிலை ஒரே நாளில் கேள்விக்குறியானது. தாலி கட்டி, பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்தவர்களும் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை.

அதுவரை காந்தி பெண்களைச் சிறைப் போராட்டத்துக்கு அழைக்கவில்லை. இந்தத் தீர்ப்புக்குப் பிறகு அழைத்தார். 1913 செப்டம்பரில் கஸ்தூர்பா உட்பட நான்கு பெண்கள் இருந்த முதல் குழு நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டிக் கைதானது. எல்லோருக்கும் மூன்று மாதச் சிறை.

மறுபக்கம் டிரான்ஸ்வாலில் இருந்து பதினோரு பெண்கள் கிளம்பினார்கள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பத்துப் பெண்கள். ஒருத்தி கர்ப்பிணி. ஆறு பேர் இடுப்பில் கைக்குழந்தை. முதலில் உரிமம் இல்லாமல் கூடை வைத்து வியாபாரம் செய்து பார்த்தார்கள். போலீஸ் பிடிக்கவில்லை. அனுமதி இல்லாமல் எல்லை தாண்டி நேட்டாலுக்குள் போனார்கள். அப்போதும் பிடிக்கவில்லை. அப்படியே நியூகாசில் என்ற நிலக்கரிச் சுரங்க ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

இங்கேதான் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 3 பவுன் வரி நேட்டாலின் வரி. டிரான்ஸ்வாலில் வாழ்ந்த இந்தப் பெண்களின் தலையில் அது இல்லை. திருமணத் தீர்ப்பு அவர்களையும் பாதித்தது, உண்மை. ஆனால் நியூகாசில் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில் அவர்கள் வாசல் வாசலாகப் போய்ப் பேசியது வரியைப் பற்றி. வரியை எடுக்கும்வரை வேலைக்குப் போகாதீர்கள் என்று கேட்டார்கள். தமிழில் பேசினார்கள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பேசினார்கள். கூலிக்காரன் வீட்டு வாசலில் நின்று, "உன் பாரம் எனக்கும் பாரம்தான்" என்று சொல்ல வெளியூரிலிருந்து பெண்கள் வந்தால், யார் மனம்தான் அசையாது?

அக்டோபர் நடுவில் சுரங்கங்களில் வேலை நின்றது. இவர்களைச் சும்மா விட்டது தப்பு என்று அரசாங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அக்டோபர் 21 அன்று பதினொருவருக்கும் மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் மோசமான சாப்பாடு. கொடுத்த வேலை துணி துவைப்பது.

அவர்களை உள்ளே அடைத்தும் வேலைநிறுத்தம் அடங்கவில்லை. நியூகாசிலில் லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் இருந்தது. இரண்டு மூன்று அறை உள்ள சின்ன வீடு. காந்திக்கும் போராட்டக்காரர்களுக்கும் அந்த வீடு கதவைத் திறந்துவிட்டது. நவம்பர் 6 அன்று 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் நடைப்பயணம் கிளம்பினார்கள். வழியில் இரண்டு தாய்மார்கள் தங்கள் கைக்குழந்தைகளைப் பறிகொடுத்தார்கள். ஒரு குழந்தை குளிரிலும் வெயிலிலும் அடிபட்டு இறந்தது. இன்னொன்று ஓடையைத் தாண்டும்போது தாயின் கையிலிருந்து நழுவி நீரில் போனது. அதற்குப் பிறகும் அவர்கள் நடந்தார்கள். வேலைநிறுத்தம் கடற்கரைக் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவி 20,000 பேருக்கு மேல் வேலையை நிறுத்தினார்கள். மவுண்ட் எட்ஜ்கோம்ப் போன்ற இடங்களில் துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர்கள் செத்தார்கள்.

நம் வள்ளியம்மை இந்தப் பதினொருவருக்கு அடுத்து வந்த குழுவில், தன் தாய் மங்களத்தோடு கிளம்பியவள். டிசம்பரில் தண்டனை. சிறையில் வந்த காய்ச்சல் வெளியே வந்த பிறகும் விடவில்லை. 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். அதே வருடம் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. 3 பவுன் வரி ஒழிந்தது. நம் திருமணங்களும் ஏற்கப்பட்டன.

சரி, அந்தப் பதினோரு பேரின் பெயர் என்ன? காந்தி பின்னாளில் எழுதிய தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரக வரலாற்றில் பட்டியல் இருக்கிறது. திருமதி தம்பி நாயுடு, திருமதி முருகேச பிள்ளை, திருமதி சின்னசாமி பிள்ளை, திருமதி பெருமாள் நாயுடு, திருமதி பவானி தயாள் என்று போகிறது. ஒன்பது பேர் கணவர் பெயருக்குள் மறைந்திருக்கிறார்கள். கல்யாணமாகாத இரண்டு பெண்களுக்கு மட்டும் சொந்தப் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. திருமதி தம்பி நாயுடுவின் பெயர் வீரம்மாள். திருமதி பவானி தயாளின் பெயர் ஜக்ராணி. மனைவி என்ற உரிமைக்காகச் சிறை போனவர்கள், சரித்திரத்தில் மனைவி என்று மட்டுமே நின்றுவிட்டார்கள்.

வெள்ளைக்காரர்கள் அங்கே இன்னும் ஒரு படி கீழே போனார்கள். ராமசாமி, முனுசாமி என்ற பெயர்களைக் கேட்டு எல்லா இந்திய ஆண்களையும் 'சாமி' என்று கூப்பிட்டார்கள். கூடை விற்க வரும் பெண்கள் எல்லோருக்கும் 'மேரி' என்று பெயர் வைத்தார்கள்.

இது நமக்கு மட்டும் நடந்ததல்ல. அயர்லாந்தில் 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதைவிட அதிகம் பேர் நாட்டை விட்டுக் கப்பலேறினார்கள். அமெரிக்காவுக்குப் போன ஐரிஷ் பெண்கள் வீட்டு வேலைக்கும் சலவைக்கும் மில்லுக்கும் போனார்கள். அங்கே எஜமானிகள் வேலைக்காரப் பெண்களை எல்லாம் 'பிரிட்ஜெட்' என்றே அழைத்தார்கள். டர்பனில் மேரி, நியூயார்க்கில் பிரிட்ஜெட். உழைப்பை வாங்குகிறவனுக்கு ஆளின் பெயர் தேவைப்படவில்லை.

அந்த ஐரிஷ் பெண்களில் கேட் முல்லனி என்று ஒருத்தி. நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரில் சட்டைக் காலர் சலவை செய்கிறவள். கொதிக்கும் கஞ்சி, சுடும் இஸ்திரிப் பெட்டி, நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை. 1864 பிப்ரவரியில் சுமார் 300 பெண்களைச் சேர்த்துச் சங்கம் வைத்து வேலையை நிறுத்தினாள். ஒரு வாரத்துக்குள் 25 சதவீதக் கூலி உயர்வு கிடைத்தது. எனக்குப் பிடித்தது அடுத்து நடந்ததுதான். 1866இல் இரும்பு வார்ப்புத் தொழிலாளர்கள் வேலையிழந்து நின்றபோது இந்தச் சலவைக்காரிகள் 1,000 டாலர் அனுப்பினார்கள். தங்கள் கூலி உயர்ந்துவிட்டது, நமக்கென்ன என்று இருக்கவில்லை. அந்தச் சங்கம் 1869இல் ஒரு வேலைநிறுத்தம் தோற்றுக் கலைந்துபோனது. ஆனாலும் அமெரிக்கத் தொழிலாளர் சரித்திரத்தில் கேட் முல்லனியின் பெயர் நின்றுவிட்டது.

நம் பெண்களின் கதையும் 1914இல் முடியவில்லை. அந்தச் சட்டம் இந்தியர்களுக்கு ஓட்டு கொடுக்கவில்லை. கறுப்பின மக்களுக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. அதே 1913இல் புளூம்ஃபொன்டெய்ன் நகரில் கறுப்பினப் பெண்கள் அடையாளச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துச் சிறை போனார்கள். அன்று அவர்கள் போராட்டம் வேறு, நம்மவர் போராட்டம் வேறு என்று தனித்தனியே நடந்தது. 1956 ஆகஸ்ட் 9 அன்றுதான் எல்லா இனப் பெண்களும் சேர்ந்து, சுமார் 20,000 பேர், பிரிட்டோரியா அரசு மாளிகை முன் நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் வீரம்மாளின் மருமகள் அம்மா நாயுடுவும் இருந்தார். வீரம்மாளின் பேத்தி சாந்தி நாயுடு, வின்னி மண்டேலாவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்துத் தனிமைச் சிறையில் கிடந்தார். பாட்டி போன வழியிலேயே பேத்தியும் போனார்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். என்னிடம் படித்த பெண் பிள்ளைகளில் சிலர் இன்று திருபுவனை, சேதராப்பட்டு பக்கம் கம்பெனிகளில் வேலை பார்க்கிறீர்கள். சிலர் வளைகுடாவில் நர்ஸ். சிலர் பிரான்சில். உங்களில் நிரந்தர வேலையில் இருப்பவர்கள் உண்டு, ஒப்பந்தத்தில் இருப்பவர்களும் உண்டு. பக்கத்து மெஷினில் நிற்கிற வடமாநிலப் பெண்ணுக்குக் கூலி பிடித்தால், "எனக்குப் பிடிக்கவில்லையே" என்று திரும்பிக்கொள்வது சுலபம். டிரான்ஸ்வால் பெண்களுக்கும் அது சுலபமாகத்தான் இருந்திருக்கும். வரி அவர்களுடையது இல்லையே. இருந்தும் அவர்கள் போனதால்தான் சுரங்கம் நின்றது, சுரங்கம் நின்றதால்தான் வரி போனது.

அந்தப் பெண்ணின் பெயரை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "ஏய் இந்திக்காரி" என்று கூப்பிடாதீர்கள். மேரியும் பிரிட்ஜெட்டும் நம் ஊரில் மறுபடி பிறக்க வேண்டாம்.

அப்படியே உங்கள் வீட்டுக் கொள்ளுப்பாட்டியின் சொந்தப் பெயரையும் பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இன்னாரின் மனைவி என்று எழுதினால் மார்க் கிடையாது.

நல்லா இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
பாகூர்