வராத நாளுக்கும் மார்க்

அடிமையாகப் பிறந்த அன்னா ஜூலியா கூப்பர் 1902இல் வாஷிங்டனில் கறுப்பின மாணவர்களின் எம் தெரு உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியரானார். கறுப்பருக்குக் கைத்தொழில் போதும் என்ற பேச்சுக்கு அவர் இணங்கவில்லை. லத்தீனும் கணிதமும் படிக்கவைத்து ஹார்வர்டு வரை அனுப்பினார். 1906இல் பள்ளி வாரியம் மறுநியமனம் தரவில்லை.

அதே நகரத்தில் 2017இல் பலூ உயர்நிலைப் பள்ளியில் தேறிய எல்லோருக்கும் கல்லூரியில் இடம் என்று கொண்டாடினார்கள். அங்கே படிப்பவர்கள் பெரும்பாலும் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள். வானொலிச் செய்தியாளர்கள் பதிவேட்டைத் துருவியபோது, தேறியவர்களில் பாதிப்பேர் மூன்று மாதத்துக்கும் மேல் பள்ளிக்கு வராதவர்கள். 2018இல் வந்த தணிக்கையோ, நகரப் பொதுப்பள்ளிகளில் முந்தின வருசம் தேறியவர்களில் 34 விழுக்காட்டினர் விதிக்குப் புறம்பாகத் தேற்றப்பட்டவர்கள் என்றது. தேர்ச்சிக் கணக்கை வைத்தே ஆசிரியர்களை எடைபோட்டால் வேறென்ன நடக்கும்?

அறுப்புக் காலத்தில் நான் வயலில் நின்ற நாள்களுக்கும் எங்கள் பள்ளியில் வருகை விழுந்தது. சேரிப் பையன், பாவம்னு மார்க்கும் விழுந்தது. அன்னிக்கு சந்தோசமாத்தான் இருந்துச்சு. கல்லூரியில் திணறியபோதுதான் உறைத்தது. கூப்பர் காலத்தில் படிப்பைக் குறைக்கப் பார்த்தார்கள். இப்போது படிப்பில்லாமலே காகிதம் தருகிறார்கள். பிள்ளை ஏன் வரலன்னு ஒருத்தராவது வீடு தேடி வந்து கேட்டிருக்கலாம்.