லூக் கீக்லி

லூக் கீக்லி அமெரிக்கக் கால்பந்தில் லைன்பேக்கராக ஆடி ஓய்வுபெற்ற வீரர். 1991 ஏப்ரல் 20 அன்று ஒகையோ மாநிலத்தின் சின்சினாட்டியில் பிறந்தார். பாஸ்டன் காலேஜ் பல்கலைக்கழக அணியில் 2009 முதல் 2011 வரையும், தொழில்முறைப் போட்டியான என்.எஃப்.எல். தொடரில் கரோலினா பாந்தர்ஸ் அணியில் 2012 முதல் 2019 வரையும் ஆடினார். 22 வயதிலேயே அத்தொடரின் சிறந்த தற்காப்பு வீரர் விருதைப் பெற்றார். எதிரணியின் திட்டத்தைப் பந்து நகர்வதற்கு முன்பே கணித்துவிடுவதில் பெயர்பெற்றவர். முதல் தர வீரராக இருந்தபோதே, 28 வயதில் ஆட்டத்தை விட்டு விலகினார்.

லைன்பேக்கரின் பணி

தற்காப்பு அணியின் 11 பேரில், முன்வரிசைக்குப் பின்னாலும் கடைசி வரிசைக்கு முன்னாலும் நிற்பவர்கள் லைன்பேக்கர்கள். பந்தோடு ஓடிவருபவரைப் பிடித்து வீழ்த்துவது, அதாவது டேக்கிள் செய்வது, இவர்களின் முதல் வேலை. எறியப்படும் பந்தை இடைமறிப்பதும், பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை நெருக்குவதும் இவர்கள் பொறுப்பே. இவர்களில் நடுவில் நிற்பவர் பெரும்பாலும் தற்காப்பின் தலைவராக இருப்பார். பயிற்சியாளரின் கட்டளையைக் கேட்டு மற்றவர்களுக்குச் சொல்வதும், எதிரணி நிற்கும் முறையைப் பார்த்துக் கடைசி நொடியில் இடங்களை மாற்றுவதும் அவர் கையில் இருக்கும். கீக்லி புகழடைந்தது இந்த நடு இடத்தில்தான்.

பள்ளியும் கல்லூரியும்

சின்சினாட்டியில் இயேசு சபையினர் நடத்தும் செயின்ட் சேவியர் உயர்நிலைப் பள்ளியில் கீக்லி படித்தார். அப்பள்ளி 2007இல் மாநில வாகையரானபோது அணியில் அவரும் இருந்தார். அடுத்துச் சேர்ந்த பாஸ்டன் காலேஜும் இயேசு சபை நிறுவனமே.

2009இல் பாஸ்டன் காலேஜ் அணியின் முன்னணி லைன்பேக்கர் மார்க் ஹெர்ஸ்லிச் எலும்புப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக அந்தப் பருவம் முழுவதும் விலகியிருந்தார். அனுபவசாலிகள் குறைந்திருந்த நிலையில், முதலாண்டு மாணவரான கீக்லிக்குத் தொடக்கத்திலேயே இடம் கிடைத்தது. 158 டேக்கிள்களுடன் அட்லான்டிக் கோஸ்ட் கூட்டமைப்பின் சிறந்த புதிய தற்காப்பு வீரராகத் தேர்வானார். 2010இல் 183, 2011இல் 191 என எண்ணிக்கை உயர்ந்தது. அவ்விரு ஆண்டுகளிலும் நாட்டின் கல்லூரி வீரர்களில் அவரே முதலிடம்.

மூன்று பருவங்களில், 38 ஆட்டங்களில், 532 டேக்கிள்கள் செய்தார். இது அவரது கூட்டமைப்பின் சாதனை. ஆட்டத்துக்குச் சராசரியாக 14 என்ற கணக்கு கல்லூரி வரலாற்றில் மிக உயர்ந்தது. ஓர் அணியின் தற்காப்பு களத்தில் அதிக நேரம் நின்றால் டேக்கிள் வாய்ப்பும் கூடும் என்பதால் இந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒருவரின் திறனை எடைபோட முடியாது. 2011இல் பாஸ்டன் காலேஜ் 4 ஆட்டங்களில் வென்று 8இல் தோற்றது. ஆனாலும் விருதுக் குழுக்கள் அவரது திறனில் ஐயம் கொள்ளவில்லை. சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது, சிறந்த தற்காப்பு வீரருக்கான நாகர்ஸ்கி கோப்பை, லொம்பார்டி விருது ஆகியவை அதே ஆண்டில் அவருக்குக் கிடைத்தன. கல்லூரியில் இன்னோர் ஆண்டு ஆடத் தகுதி இருந்தும், தொழில்முறை ஆட்டத்துக்கு மாற முடிவெடுத்தார்.

கரோலினா பாந்தர்ஸ்

கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வான டிராஃப்டில், 2012இல் பாந்தர்ஸ் அணி அவரை ஒட்டுமொத்த வரிசையில் 9ஆவதாகத் தேர்ந்தெடுத்தது. அணியின் அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் ரான் ரிவேரா, தம் காலத்தில் சிகாகோ பேர்ஸ் அணியின் லைன்பேக்கராக இருந்தவர். கீக்லி முதலில் ஓரத்து லைன்பேக்கராகவே ஆடினார். நடுவில் ஆடிய ஜான் பீசன் பருவத் தொடக்கத்திலேயே காயமடைந்ததால் அந்த இடம் இவருக்கு வந்தது. 164 டேக்கிள்களுடன் தொடரில் முதலிடம் பிடித்து, சிறந்த புதிய தற்காப்பு வீரர் விருதை வென்றார்.

2013இல் பாந்தர்ஸ் 12 ஆட்டங்களில் வென்று தன் பிரிவில் முதலிடம் பெற்றது. டிசம்பர் 22 அன்று நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் கீக்லியின் கணக்கில் 24 டேக்கிள்கள் பதிவாயின. பாந்தர்ஸ் அதில் 17–13 என வென்றது. அப்பருவத்துக்கான சிறந்த தற்காப்பு வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. 2014இல் 153 டேக்கிள்களுடன் மீண்டும் தொடரில் முதலிடம் பெற்றார். 2015 செப்டம்பரில், ஏறத்தாழ 6.2 கோடி டாலர் மதிப்பில் அவரது ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது.

அந்த 2015ஆம் பருவமே பாந்தர்ஸின் உச்சம். வழக்கமான பருவத்தின் 16 ஆட்டங்களில் அணி ஒன்றில் மட்டுமே தோற்றது. நன்றி நவிலல் நாளில் டல்லஸ் கவ்பாய்ஸுக்கு எதிராக, குவார்ட்டர்பேக் டோனி ரோமோ அடுத்தடுத்து எறிந்த இரு பந்துகளைக் கீக்லி இடைமறித்தார். முதல் பந்தை எதிரணியின் எல்லைக்கோடு வரை கொண்டோடி, புள்ளி தரும் டச் டவுனும் செய்தார். இறுதிச் சுற்றுகளில் சியாட்டில் சீஹாக்ஸ், அரிசோனா கார்டினல்ஸ் ஆகிய இரு அணிகளுக்கு எதிராகவும் இடைமறித்த பந்தை டச் டவுனாக்கினார். ஆனால் 2016 பிப்ரவரி 7 அன்று நடந்த, தொடரின் இறுதிப் போட்டியான 50ஆவது சூப்பர் பவுலில் பாந்தர்ஸ், டென்வர் பிராங்கோஸிடம் 10–24 எனத் தோற்றது. அதன்பின் கீக்லிக்குச் சூப்பர் பவுலில் ஆட வாய்ப்பு அமையவில்லை.

ஆட்டமுறை

கீக்லிக்குச் சுமார் 6 அடி 3 அங்குல உயரமும், அந்த உடலுக்கு நல்ல வேகமும் இருந்தன. ஆனால் சக வீரர்களும் எதிரணிகளும் அதிகம் பேசியது அவரது தயாரிப்பைப் பற்றியே. எதிரணி ஆட்டங்களின் பதிவுகளை மணிக்கணக்கில் பார்ப்பார். எதிரணியினர் நிற்கும் முறையையும் அவர்களின் சிறு அசைவுகளையும் வைத்து, வரப்போகும் நகர்வை உரக்கச் சொல்லித் தம் அணியினரை இடம் மாற்றுவார். களத்து ஒலிவாங்கிகளில் பதிவான இத்தகைய காட்சிகள் ரசிகர்களிடையே பரவலாகப் பகிரப்பட்டன. ஓடுபவரை வீழ்த்துவதில் மட்டுமின்றி, எறியப்படும் பந்தைத் தடுப்பதிலும் அவர் சிறந்திருந்ததற்கு இந்த முன்கணிப்பே அடிப்படை. அவர் செய்த 18 இடைமறிப்புகள் இதற்குச் சான்று. பாந்தர்ஸின் சொந்தத் திடலான சார்லட் நகர மைதானத்தில் அவர் டேக்கிள் செய்யும்போதெல்லாம் ரசிகர்கள் ‘லூ...க்’ என்று நீட்டி முழங்குவது வழக்கமாயிருந்தது.

காயங்களும் ஓய்வும்

2015, 2016, 2017 என மூன்று பருவங்களில் தொடர்ந்து அவருக்குத் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டது. 2015இல் முதல் ஆட்டத்தில் காயமடைந்து மூன்று ஆட்டங்களைத் தவறவிட்டார். 2016 நவம்பரில் செயின்ட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் அடிபட்டு, கண்ணீருடன் வண்டியில் வெளியேற்றப்பட்ட காட்சி நாடு முழுவதும் நேரலையில் ஒளிபரப்பானது. அப்பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களில் அவர் ஆடவில்லை. மூளையின் அசைவைக் குறைக்கும் நோக்கில் வடிவமைக்கப்பட்ட கழுத்துப்பட்டையைப் பின்னர் அணிந்து ஆடினார். 2018இல் 130, 2019இல் 144 டேக்கிள்கள் என்ற கணக்கு அவரது ஆட்டம் தளரவில்லை என்பதைக் காட்டுகிறது.

2020 ஜனவரி 14 அன்று ஒரு காணொளி வழியே ஓய்வை அறிவித்தார். ஆடும் விருப்பம் இன்னும் இருந்தாலும், தொடர்வது சரியான முடிவாகப் படவில்லை என்றார். வேகமாக, உடல் வலுவோடு ஆட முடியுமா என்ற ஐயத்தையும் அவர் மறைக்கவில்லை. ஓய்வுக்குப்பின் சிறிது காலம் பாந்தர்ஸ் அணிக்கே பிற வீரர்களை மதிப்பிடும் பணியைச் செய்தார். பின்னர் அணியின் வானொலி வர்ணனைக் குழுவிலும் இடம்பெற்றார்.

கணக்கும் கௌரவங்களும்

எட்டுப் பருவங்களில் 118 ஆட்டங்களில் 1,092 டேக்கிள்களும் 18 இடைமறிப்புகளும் அவர் கணக்கில் உள்ளன. தொடரின் நட்சத்திர வீரர்களுக்கான புரோ பவுலுக்கு ஏழு முறை தேர்வானார். ஆண்டின் மிகச் சிறந்த வீரர்களைக் கொண்ட முதல் ஆல்-புரோ அணியில் ஐந்து முறை இடம்பெற்றார். 2010களின் சிறந்த என்.எஃப்.எல். வீரர்களின் அணியிலும் அவர் பெயர் உண்டு. நேர்மையான ஆட்டப் பண்புக்கான ஆர்ட் ரூனி விருதை 2017ஆம் பருவத்தில் பெற்றார். 2022இல் கல்லூரிக் கால்பந்தின் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டார். தொழில்முறைக் கால்பந்தின் புகழ்க்கூடத்துக்குத் தகுதிபெற்ற முதல் ஆண்டான 2025இலேயே அதன் இறுதிச்சுற்றுப் பட்டியலில் இடம்பிடித்தார்.