பெட்டிக்கு வெளியே ஒரு சாவி

மின்விசை பெற்ற கணத்திலே கணினி அறிவது மிகச் சிலவே. நிலையான நினைவகத்திற் பொறிக்கப்பட்ட சிறு அறிவுறுத்தல்களைத் தவிர, ஏனைய யாவற்றையும் அது பிறிதொரு பொருளிலிருந்தே பெறவேண்டும். அந்த முதற்பாடத்தைப் புகட்டுவதற்கென்றே நெகிழ்தட்டு பிறந்தது.

1967ஆம் ஆண்டில், கலிபோர்ணியாவின் சான் ஹோசே நகரில் இருந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலே, பெருங்கணினிகளுக்குத் தொடக்க அறிவுறுத்தல்களை ஊட்டும் மலிவான சாதனமொன்றை ஆக்கும் முயற்சி தொடங்கிற்று. டேவிட் நோபிள் என்னும் பொறியியலாளர் அதில் முன்னின்றார். 1971இல் வெளிவந்த அத்தட்டு 8 அங்குல அளவினது. ஏறத்தாழ 80,000 எழுத்துக்களையே கொள்ளத்தக்கது. கணினி அதனைப் படிக்கலாமேயன்றி, அதில் எழுத இயலாது. எழுதத்தக்க தட்டுக்கள் பின்னரே தோன்றின. 1976இல் 5¼ அங்குலத் தட்டு வந்தது. 1987 முதல் பரவிய 3½ அங்குலத் தட்டு 1,474,560 பைற்றுகளைக் கொண்டது.

இதற்கிடையே அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் கணினிகளை வடங்களால் இணைக்கும் வலையமைப்புக்கள் பெருகின. ஆங்கே ஒரு சிக்கல் எழுந்தது. வேண்டிய மென்பொருள் யாவும் சேவையகம் எனப்படும் நடுக்கணினியில் இருந்தன. ஆயின், வன்தட்டு வெறுமையாகவோ பழுதுற்றோ இருந்த பழைய கணினிக்கு, ஆங்கே செல்லும் வழி தெரியாது. வழிகாட்டும் மென்பொருளும் சேவையகத்திலேயே இருந்தது. பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்தே பூட்டியது போன்ற நிலை அது.

இந்நிலையை மாற்றியது தொடக்கத் தட்டு. கணினி முதலில் தட்டின் தலைப்பகுதியிலுள்ள 512 பைற்றுகளை வாசிக்கும். அச்சிறு நிரல் டொஸ் இயக்கமுறைமையின் இன்றியமையாத கோப்புக்களை அழைக்கும். பின்னர், வலையமைப்பு அட்டையை இயக்கும் நிரலும், சேவையகத்தோடு தொடர்புகொள்ளும் நிரலும் நினைவகத்தில் ஏறும். ஈற்றிலே, சேவையகத்தின் சேமிப்பகம் அக்கணினியின் சொந்தத் தட்டேபோலத் தோன்றும்.

இப்பணி எளிதன்று. அட்டைக்கு அட்டை நிரல் வேறுபட்டது. நிரல் பொருந்தாவிடின் தொடர்பு கிட்டாது. தட்டில் இடமும் சிறிது. எதனைச் சேர்ப்பது, எதனை விடுப்பது என்பதை அறிதலே தட்டை ஆக்குவோரின் திறனாயிற்று. அத்திறனால், இறுவட்டு வாசிப்பான் இல்லாத பழைய கணினிகளும் மீண்டும் வேலைக்கு வந்தன.

1999இல் வெளியான பி.எக்ஸ்.ஈ. 2.1 விதிமுறை, வலையமைப்பு அட்டையே சேவையகத்தைத் தேடிச்செல்லும் முறையை வரையறுத்தது. அவ்வாற்றலற்ற அட்டைகள் சிலவற்றுக்கென, விண்டோஸ் 2000 சேவையக மென்பொருள் தொடக்கத் தட்டொன்றை ஆக்கும் வசதியையும் உடன்கொண்டிருந்தது. 2011இல் சோனி நிறுவனம் யப்பானில் நெகிழ்தட்டு விற்பனையை நிறுத்திற்று.

தட்டு மறைந்தது, தேவை மறையவில்லை. இன்று வன்தட்டுப் பழுதுற்ற கணினியை எழுப்ப, விரலளவான யூ.எஸ்.பி. நினைவகம் அதே பணியை ஆற்றுகின்றது. பெட்டி எத்துணை பெரிதாயினும், சாவியொன்று வெளியே இருத்தல் வேண்டும்.