இருட்டறையும் செய்முறைக் கூடமும்

காரைக்குடியின் கல்வி வரலாற்றைப் பேசுவோர் அதன் கொடைகளையே முதலில் நினைவுகூர்வர். 1947-இல் வள்ளல் அழகப்பர் அங்குக் கல்லூரி கண்டார். 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அவர் ஈந்ததன் பயனாய், 1948-இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 ஜனவரி 14-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. எனினும் ஆய்வுக்கூடத்தின் உயிர் கட்டடத்தில் இல்லை. உண்மையைச் சோதித்தறியும் முறையில் இருக்கிறது. அம்முறையின் வரலாற்றில் முஸ்லிம் அறிஞர்க்குத் தனியிடம் உண்டு.

கி.பி. 965 அளவில் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்தவர் இப்னுல் ஹைதம். பல விளக்குகளின் ஒளி ஒரே துளைவழிச் செல்லும்போது ஒன்றோடொன்று கலந்துவிடுமா என்பது அவர் ஆராய்ந்த வினாக்களுள் ஒன்று. இருட்டறையின் துளைக்கு எதிரே விளக்குகளை வரிசையாக வைத்தார். உட்சுவரில் விளக்குக்கு ஒன்றாக ஒளிப்பொட்டுகள் தோன்றின. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டுமே மறைந்தது. மறைப்பை நீக்கினால் மீண்டது. ஒளிகள் கலவாமல் நேர்க்கோட்டில் செல்கின்றன என்பது நிறுவப்பட்டது. இவ்வாறு சோதித்தறிவதை அவர் 'இஃதிபார்' என்றார். அவரது 'கிதாபுல் மனாழிர்' நூலுக்கு விரிவுரை கண்ட கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ (மறைவு 1319 அளவில்), நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தைப் பெரியதொரு மழைத்துளியாகக் கொண்டு வானவில்லின் காரணத்தை விளக்கினார்.

இன்றைய கல்லூரிச் செய்முறைப் பாடம் நேரே இவர்களிடமிருந்து வந்ததென நாம் உரிமை கொண்டாட வேண்டியதில்லை. அது 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உருப்பெற்றது. கோல்ராஷ் எழுதிய செய்முறை இயற்பியல் கையேடு 1870-இல் வெளிவந்தது. பழம்பெருமையை மிகைப்படுத்துவது அவ்வறிஞர்களின் வாய்மைக்கே மாறானது.

நாம் பெறவேண்டிய மரபுரிமை வேறு. இளநிலை இயற்பியல் மாணவர் நிறமாலைமானியில் முப்பட்டகத்தை வைத்துச் சிறுமத் திசைமாற்றக் கோணத்தை அளக்கிறார். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5 என்பதை அவர் முன்பே அறிவார். ஆதலின் அவ்விடைக்கேற்ப அளவீடுகளைப் புனைந்தெழுதும் சபலம் எழுகிறது. தாலமியின் கூற்றுகளையே ஐயங்களாகத் தொகுத்து ஆராய்ந்த இப்னுல் ஹைதமின் வழி இதுவன்று. கண்டதைக் கண்டபடி பதிவேட்டில் எழுதுவது ஓர் அமானிதம். விடை பிழைத்தால் காரணத்தைத் தேடலாம். அளவீடே பொய்யானால் தேடுவதற்கு எதுவும் எஞ்சுவதில்லை.