உருகும் உலோகம், உருகாத பெயர்

உலோகப் பாகங்களை அடுக்கடுக்காக வளர்த்தெடுக்கும் முறைகள் அனைத்தையும் ‘முப்பரிமாண அச்சு’ என ஒரே சொல்லில் அடக்குவது வழக்கமாகிவிட்டது. அச்சொல் மறைக்கும் வேறுபாடுகளோ பெரியவை.

1980களின் பிற்பகுதியில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல் டெக்கார்ட் லேசரால் நெகிழிப் பொடியை இணைத்தார். ‘சின்டரிங்’ என்ற பெயர் அதற்குப் பொருந்தியது; துகள்கள் முற்றிலும் உருகாமலே ஒன்றோடொன்று பிணைந்தன. 1990களின் நடுவில், ஜெர்மனியின் ஆகன் நகரிலுள்ள ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வு நிலையத்தார் உலோகப் பொடியை முழுதுமாக உருக்கினர். ‘நேரடி உலோக லேசர் சின்டரிங்’ என்ற வணிகப் பெயரில் விற்பனையான கருவிகளும் பின்னர் முழுதுமாக உருக்கும் நிலையை எட்டின; பெயர் மட்டும் மாறவில்லை. விந்தை என்னவெனில், எம்.ஐ.டி.யில் இமானுவேல் சாக்ஸ் குழுவினர் உருவாக்கிய பசைத்தெளிப்பு முறையில்தான் பாகம் பின்னர் உலையில் உண்மையாகவே சின்டர் செய்யப்படுகிறது. அதன் பெயரில் அச்சொல் இல்லை. உலையில் பாகம் சுருங்கும். அச்சுருக்கத்தை வடிவமைப்பிலேயே கணக்கிட்டாக வேண்டும். உருக்கும் முறையிலோ சிக்கல் வேறு: விரைந்த குளிர்வினால் எஞ்சும் உள்தகைவு.

பெயரை நம்பி முறையைத் தேரும் மாணவர் இங்கேதான் தடுமாறுவர். பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் நிலை எஞ்சினுக்கு இஸ்ரோ தேர்ந்தது லேசரால் பொடிப்படுகையை உருக்கும் முறை. 14 பாகங்கள் ஒன்றாயின; 19 பற்றவைப்பு இணைப்புகள் நீங்கின; 565 கிலோ மூலப்பொருளுக்கு மாற்றாக 13.7 கிலோ பொடி போதுமாயிற்று. 2024 மே மாதம் அவ்வெஞ்சின் 665 வினாடிகள் எரிந்தது.